கோழிப் பண்ணையில் மயங்கி விழுந்த போன்

போன் பழுது பார்க்கும் தொழிலில், ஒரேயடியாகச் செத்துப்போன போன் வந்தால் நான் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்; தானே அணைந்து தானே எழுந்துகொள்ளும் போன்தான் உயிரை வாங்கும். உங்களுக்கும் அப்படி ஒன்று வாய்த்திருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே கம்பெனிப் பெயரைக் காட்டிக்கொண்டு புதிதாகப் பிறந்ததுபோல எழும். கடையில் கொடுத்தால் அன்றைக்கென்று ஒழுங்காக ஓடும். கடைக்காரர் உங்களைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்ப்பார் அல்லவா, அந்தப் பார்வைக்குச் சொந்தக்காரி நான். கோயமுத்தூர் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. பக்கத்து மேஜையில் என் கூட்டாளி ஜாகீர். போன பங்குனியில் வந்த ஒரு போன் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

கடையில் நல்ல பிள்ளை

கதிர்வேல் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவிநாசிப் பக்கம் தோட்டத்தில் அவனுடைய அம்மா சரஸ்வதி பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். பழைய போன் ஒன்றில் இருந்ததையெல்லாம் அழித்து, லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஏற்றி, கோழிக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தான். வெயில் ஏறினால் அதுவே ஃபேனைப் போடும். கேமராவில் பார்த்துக் கோழிகளை எண்ணும். எண்ணுவதற்கு வேகம் போதவில்லை என்று, பிராசஸரைக் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஓவர்கிளாக் செய்து ஓட்டினான். கோயமுத்தூரில் இது அதிசயமில்லை. எந்த மோட்டாரையும் வாங்கினபடியே ஓட்டினால் நம்மாட்களுக்குச் சோறு இறங்காது.

போன் நினைத்த நேரத்தில் அணைந்தது. அதோடு ஃபேனும் நின்றது. எழுந்தால் சரி, சில நேரம் பாதியில் தொங்கிக்கொண்டே இருந்தது. பங்குனி வெயிலில், விற்பனைக்குப் பிடிக்கிற பருவத்துக் கோழி காற்றில்லாமல் தாங்காது. அதனால் சரஸ்வதியம்மா பகலெல்லாம் கொட்டகையிலேயே கிடந்தார். அடுத்த வாரமோ தாராபுரத்தில் அவருடைய மகளுக்குக் கட்டுச்சோறு. தாய்வீட்டுச் சோறு கொண்டுபோய்ப் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். பெற்றவள் போகாமல் எப்படி?

போனை வாங்கி மேஜையில் வைத்தேன். எனக்கு ஓர் இடத்தில் கை நிற்காது. ஓடுகிறதா, ஓடுகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடை பூட்டும்போது அணைத்துவிட்டுப் போவேன். இரண்டு நாளும் சமத்தாக ஓடியது. திருப்பி வாங்க வந்த கதிர்வேல் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "ஏனுங்கக்கா, போன் இங்கயே இருக்கட்டும், கோழிகளை இங்க கொண்டாந்து உட்டுறட்டுங்களா?"

ஈரச் சாக்கு

இதுபோன்ற பழுதுக்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். புதிது போட்டு அனுப்பினேன். மறுநாளே அணைந்தது. சூட்டினால் இருக்கும் என்றான் ஜாகீர். சரஸ்வதியம்மாவைக் கூப்பிட்டு, போன் சூடாகிறதா என்று விசாரித்தேன். ஆகவே ஆகாது என்றார் அடித்துச் சொல்கிற குரலில். எப்படி அவ்வளவு உறுதி என்று கேட்டதற்கு, மேலே சாக்கு நனைத்துப் போட்டிருக்கிறாராம்! உடனே எடுங்கள் என்று கத்தினேன். அவருக்குக் கோபம்: "கோழிக்கே சாக்கு நனைச்சுக் கட்டறமுங்க அம்மணி, இதுக்கு ஒண்ணு போட்டா என்ன கொறஞ்சுபோச்சு?"

பாதியில் நின்ற வரி

சாக்கை எடுத்தும் நிற்கவில்லை. போன் மறுபடி கடைக்கு வந்தது. லினக்ஸ், தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிவைக்கும். ப்ரோகிராமில் கோளாறு என்றால் பெரும்பாலும் அணைவதற்கு முன் ஒரு வார்த்தை புலம்பிவிட்டுப் போகும். இதில் புலம்பலே இல்லை. எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றிருந்தது. மின்சாரத்திலோ வேகத்திலோதான் கோளாறு என்று தோன்றியது. ஓவர்கிளாக்கை எடுத்துவிடலாமா என்றேன். கதிர்வேல் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். சரி, சோதித்துவிடுவோம் என்று, நாள் முழுக்க உச்ச வேகத்திலேயே ஓடும்படி கணக்குகளைக் கொடுத்து அதை வாட்டி எடுத்தேன். அசையவில்லை. வேகத்தில் கோளாறில்லை என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த மதியம், சரஸ்வதியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரத்தில் போன் அணைந்துவிட்டது. அவர் திரும்பி வந்தபோது ஒரு மூலையில் கோழிகள் வாயைப் பிளந்து செத்துக் கிடந்தன. கதிர்வேல் என்னைப் போனில் கூப்பிட்டு அதைச் சொன்னான். அம்மா திட்டினார்களா என்று மட்டும் கேட்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவன் சொன்னான்: "ஒண்ணுமே சொல்லலீங்கக்கா. 'நான் தாராபுரம் வல்லை, நீயே போயி அக்காளுக்குச் சோத்தப் போட்டுக் கூட்டியாந்துரு'ன்னுபோட்டாங்க."

ஜாகீர் போனைப் பிடுங்கினான்

மூன்றாம் முறையாகப் போன் என் மேஜையில். அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், போனைத் தட்டினேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்து தட்டினேன். ஜாகீர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதைப் பிடுங்கித் தன் பக்கம் கவிழ்த்து வைத்தான். போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று துரத்தினான்.

திரும்பி வந்தால் போன் அணைந்து எழுந்துகொண்டிருந்தது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா கிடக்கும்போது பிராசஸர் தூங்கும். வெப்பத்தைப் பார்க்கும் நேரம் வந்ததும் ஒரே தாவலில் உச்ச வேகத்துக்குப் போகும். கூட்டிவைத்த வேகத்துக்கு வேண்டிய மின்சாரம் வந்து சேருமுன்னே தாவி, மயங்கி விழுகிறது. நான் தட்டிக்கொண்டே இருந்தவரை அது தூங்கவே இல்லை. உச்ச வேகத்திலேயே ஓட்டியபோதும் தாவ வேண்டிய அவசியமில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் துள்ளினேன். ஜாகீர் சிரிக்கவில்லை: "அக்கா, முதல் நாளே நீங்க கையக் கட்டிட்டு உக்காந்திருந்தா அந்தக் கோழியெல்லாம் பொழச்சிருக்கும்."

இரண்டு நிபந்தனை

கதிர்வேலை வரச் சொல்லி இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, வேகம் கம்பெனி சொன்ன அளவில்தான் இருக்கும். இரண்டு, போன் செத்தாலும் ஃபேன் ஓடும்படி ஒயரை மாற்றிப் பூட்ட வேண்டும். போன் உயிரோடிருந்து நிறுத்தினால்தான் ஃபேன் நிற்க வேண்டும். இரண்டாவதை உடனே ஒத்துக்கொண்டான். முதலாவதற்கு, வேகத்தைக் குறைத்தால் கேமரா எப்படி எண்ணும் என்று இழுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ஜாகீர் முந்திக்கொண்டான்: "கோழி உசுரோட இருந்தா வெரலு விட்டு எண்ணிக்கலாம் தம்பி."

தோட்டத்திலிருந்து அழைப்பு

வேகத்தைக் குறைத்தபின் போனைத் தொடாமல் விட்டேன். தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் கையைக் கேளுங்கள். தூங்கியது, எழுந்தது, மறுபடி தூங்கியது, ஒருமுறைகூட அணையவில்லை. கட்டுச்சோற்று நாளன்று கதிர்வேல் அம்மாவைக் கிட்டத்தட்டத் தூக்கிக் காரில் உட்கார வைத்தானாம். கொட்டகையில் ஆள் கிடையாது. வெப்பக் கணக்கு அவனுக்கும் எனக்கும் செய்தியாக வந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் அடுத்த செய்தி வரும்வரை என் போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். வந்திருந்த வாடிக்கையாளர்களிடம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் சரஸ்வதியம்மா கூப்பிட்டார். மகளோடு வீடு வந்து சேர்ந்ததும் நேரே கொட்டகைக்குத்தான் போனாராம். பின்னால் ஃபேன் இரைச்சல். எல்லாம் பிழைத்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஒண்ணுகூடச் சாகலீங்க அம்மணி, இந்தப் போனு ஆடாம அசையாம நிக்குது, எம்புள்ளைக்குச் சோறு போட உக்காந்த நாந்தானுங்க நாலு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு வாசலுக்குப் போனேன்."

போனின் வேகத்தைக் குறைக்க ஒரு வரி எழுதினால் போதுமாக இருக்கிறது. அதை நம்பிக் கோழியை விட்டுவிட்டுப் போகிறவர்களின் படபடப்பைக் குறைக்கத்தான் எங்கள் கடையில் ஒரு சாமானும் இல்லை.