ஓடிபி நாக்பூரில் இருந்தது

1. கடைசி நாள்

"அக்கா, ஓடிபி இன்னும் வரலைங்க்கா."

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஆட்டையாம்பட்டியில் என் பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்தால், காலையிலிருந்து இந்த ஒரு வரிதான் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்ன தாரணிக்கு நேரம் இல்லை. அவள் விண்ணப்பிக்க வந்த படிப்புக்கு அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் வெப்சைட்டை மூடிவிடுவார்கள். பெயர், மதிப்பெண், போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மொபைலுக்கு வரும் எண்ணை அடித்தால் விண்ணப்பம் உள்ளே போகும். அடிக்காவிட்டால் அந்தப் படிப்பு அந்த வருஷத்துக்கு இல்லை.

"எந்த நம்பர் குடுத்திருக்கற கண்ணு?"

"அப்பா நம்பருங்க."

"அப்பா எங்க?"

"நாக்பூருங்க்கா. லோடு போயிருக்காரு."

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டுக்கு வீடு செய்யும் தவறு இது. ரேஷன் கார்டு, கேஸ், பள்ளிக்கூடம், பேங்க் எல்லாவற்றுக்கும் வீட்டு ஆம்பளை நம்பரைத்தான் கொடுப்பார்கள். அவரோ ஜவ்வரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போயிருப்பார். ஆட்டையாம்பட்டியில் சிலிண்டர் இறங்கினால் நாக்பூரில் அவருக்கு மெசேஜ் போகும். பிள்ளையின் படிப்புக்கான எண்ணும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்.

"சரி, போன் போடு உங்கப்பாவுக்கு" என்றேன்.

அவள் போடவில்லை. பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தாள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

2. என் சந்தேகப் புத்தி

இதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் சந்தேகப் பிராணி. தேங்காய் வாங்கினாலும் மூன்று கடையில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று எங்கள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தத் தொழிலில் வெள்ளை மனசோடு இருந்தால் கடையை நடத்தலாம், கடைக்கு வருகிற பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது.

டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த கடை இது. அப்புறம் ஜெராக்ஸ் வந்தது, அப்புறம் நெட் வந்தது. இப்போது ரிசல்ட் வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே என் பெஞ்சுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள். எந்தப் படிப்பு, எந்தக் காலேஜ், எது முதல் சாய்ஸ், எது ரெண்டாவது என்று எல்லாவற்றையும் இங்கே வைத்துத்தான் அடிக்கிறோம். ஈ மொய்க்கிற மாதிரி புரோக்கர்களும் இங்கேதான் வருகிறார்கள்.

ஒருமுறை ஓர் ஆள், இஸ்திரி கலையாத சட்டை, வாயெல்லாம் பல், ஒரு வெட் கிரைண்டரைக் கொண்டுவந்து கடையில் இறக்கினான். "அக்காவுக்கு எங்க காலேஜோட சின்ன அன்பளிப்புங்க" என்றான். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க்கா, உங்ககிட்ட வர்ற புள்ளைங்களுக்கு சாய்ஸ் போடறப்ப எங்க காலேஜையும் சித்த மேல போட்டு உடுங்க, போதும்."

"என்ற ஊட்ல அரைக்கறதுக்கு நீ ஏண்டா கிரைண்டர் தர்ற?" என்று கேட்டுவிட்டு அதை அப்படியே ரோட்டோரம் தூக்கி வைத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவன் ஆட்டோ பிடித்து எடுத்துக்கொண்டு போனான். அதிலிருந்து எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

அவர்களுக்கு வாடிக்கையாக ஒரு வேஷம் உண்டு. தனியாக வரமாட்டார்கள். பிள்ளையோடு பிள்ளையாக, அண்ணன் என்றும் சித்தப்பா என்றும் சொல்லிக்கொண்டு வருவார்கள். பாஸ்வேர்டு நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். பிள்ளைக்குப் பதிலாக இவர்களே பதில் சொல்வார்கள். அதனால் என் கடையில் யார் வந்தாலும் முதல் கேள்வி பிள்ளையின் மார்க் இல்லை. கூட வந்தவரைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்பதுதான்.

3. மாமா என்று வந்தவர்

தாரணியோடு வந்தவரையும் உள்ளே நுழைந்தபோதே அப்படித்தான் கேட்டிருந்தேன்.

"தாய்மாமனுங்க. பேரு செந்தில். நாமக்கல்ல கோழிப் பண்ணையில சூப்பர்வைசரா இருக்கறனுங்க."

முப்பது வயது இருக்கும். மீசையை ஒழுங்காக வெட்டியிருந்தார். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொன்னார். என்ன படிப்பு என்று கேட்டதற்கும் இவர்தான், "பி.டெக். கோழித் தொழில்நுட்பமுங்க. ஓசூர்ப் பக்கம் காலேஜு" என்றார்.

எனக்குள் மணி அடித்தது. கோழிப் பண்ணை ஆள், கோழிப் படிப்பு. முதலாளி ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பானோ? கல்யாணம் ஆகாத தாய்மாமன் வேறு. நாளைக்குத் தன் பண்ணைக்கே ஒரு படித்த பெண்டாட்டி தேவைப்படுகிறதோ? முறை இருக்கிறதே. அல்லது இவன் தாய்மாமனே இல்லையோ? பிள்ளையின் ஆதாரைப் பார்த்தேன், இவருடைய ஆதாரையும் கேட்டேன். கொடுத்தார். ஊர் ஒத்துவந்தது. அதனாலெல்லாம் என் மனசு சமாதானம் ஆகிவிடுமா? ஆகவில்லை.

இப்போது அவள் போன் போடாமல் இவரைப் பார்த்ததும், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

செந்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மச்சான் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாருங்க. லாரி ஆபீஸ்ல, டீக்கடையில எல்லாம் எம்புள்ள கம்ப்யூட்டர் இன்ஜினியருன்னு இப்பவே சொல்லி வெச்சுப்போட்டாரு. இதுவும் பி.டெக்தானுங்களே. பி.டெக் அப்ளிகேசன், ஓடிபி சொல்லுங்க மச்சான்னு கேட்டுக்கலாம். கோழின்னு சொல்ல வேண்டாமுங்க. சீட்டு கெடைச்சப்பறம் நான் பக்குவமா பேசிக்கறேன்."

"அதெல்லாம் என் கடையில நடக்காது தம்பி."

"அக்கா, நேரம் போவுதுங்க்கா!"

"போகட்டும். அப்பனுக்குத் தெரியாம ஓடிபி வாங்கி அடிச்சா, நாளைக்கு அந்த மனுஷன் லாரிய நேரா என் கடைக்குள்ள கொண்டாந்து நிறுத்துவாரு. சொல்லித்தான் வாங்கோணும். இல்லைன்னா எந்திரிச்சுப் போங்க."

தாரணி அழுதாள். அழட்டும் என்று விட்டேன். சொன்னால் அவர் ஓடிபி தரமாட்டார் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

4. நாக்பூர்

செந்தில்தான் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ தாபா போல இருந்தது. யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள், ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மச்சான், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க."

"வந்துது. ஆருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருக்குது. எதுக்கு?"

"பாப்பா அப்ளிகேசனுக்குங்க மச்சான்."

"பேங்க்ல இருந்து பேசறமுன்னு கேட்டு, நம்ம வண்டிக் கிளீனர் பையன் பணத்தை அப்படித்தான் வழிச்செடுத்துப் போட்டானுங்க. நீ எங்க இருந்து பேசற?"

"பிரவுசிங் சென்டருங்க."

"அங்க இருக்கறது ஆரு? போனைக் குடு."

அவ்வளவு காலம் எல்லாரையும் யாரென்று கேட்ட என்னையே அன்று ஒருவர் யாரென்று கேட்டார். எந்த ஊர், கடை எந்த இடம், எதிரில் என்ன கடை, வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார் என்று ஒன்று விடாமல் விசாரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தப்பு சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

"அண்ணா, நான் ஒண்ணும் மறைக்கலை" என்றேன். "உங்க பொண்ணு கம்ப்யூட்டருக்குப் போடலை. கோழிப் படிப்புக்குப் போடுது. இன்னிக்குக் கடைசி நாள். உங்களுக்குச் சம்மதம்னா நம்பரைச் சொல்லுங்க. இல்லைன்னா வேண்டாம்."

செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கோழிக்கா?" என்று கேட்டார் அவள் அப்பா. "புள்ளைகிட்டக் குடுங்க."

தாரணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சாமி இது? கோழி வளர்த்தறதுக்கு எவனாச்சும் காலேஜு போவானா? கம்ப்யூட்டர் வேண்டாங்கறயா?"

"வேண்டாமுங்கப்பா."

"செந்திலு சொல்லிக் குடுத்தானா?"

"இல்லீங்கப்பா."

"அந்தக் கடைக்காரம்மா சொல்லிக் குடுத்துதா?"

"இல்லீங்கப்பா."

"உங்கம்மாளா? பள்ளிக்கோடத்து டீச்சரா? வேற ஆரு? பொய் சொல்லாத, ஆரு சொன்னாங்க?"

"ஆரும் சொல்லலீங்கப்பா. நானாத்தான்."

அந்த நிமிஷம் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முதலாளியா, மாமனா, புரோக்கரா என்று அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறவர்களையெல்லாம் துருவிக்கொண்டிருந்தேன். ஆதார் வாங்கிப் பார்த்தேன். 'உனக்கு ஏன் கண்ணு இது வேண்டும்?' என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகவே ஆசைப்பட்டிருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அவள் பேச ஆரம்பித்தாள். அதுவரைக்கும் முழுதாக ஒரு வாக்கியம் பேசாத பிள்ளை.

"போன வருசம் வெய்யில்ல மாமா பண்ணையில கோழி கும்பல் கும்பலா செத்துப்போச்சில்லீங்கப்பா, நான் அங்கதான் இருந்தேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. தண்ணிங்கறாங்க, தீவனங்கறாங்க, எவனோ கண்ணு வெச்சுட்டாங்கறாங்க. அப்பறம் ஓசூர்ல இதே படிப்பு படிச்ச ஒரு அக்கா வந்து ஒரு கோழிய அறுத்துப் பார்த்துட்டு, வெய்யிலும் இல்ல ஒண்ணும் இல்ல, இது நோவுன்னு சொன்னாங்க. சொன்ன மாதிரி மருந்து குடுத்ததுல மிச்சம் பொழைச்சுது. எனக்கு அப்படிப் பார்த்துச் சொல்லோணுமுங்கப்பா. கம்ப்யூட்டர்ல சேர்த்தி உட்டாலும் படிப்பேன். ஆனா எனக்கு இதுதானுங்க வேணும்."

அந்தப் பக்கம் யாரோ "சலோ, சலோ" என்று அவரை அவசரப்படுத்துவதும், அவர், "இரப்பா, எம்புள்ளகிட்டப் பேசிட்டிருக்கறனில்ல" என்று தமிழிலேயே அதட்டுவதும் கேட்டது.

"சீட்டு கெடைக்குமா சாமி?"

"மார்க்கு இருக்குதுங்கப்பா. கெடைக்கலாமுங்க."

"லாரி ஆபீஸ்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"கோழிக்கு இன்ஜினியருன்னு சொல்லுங்கப்பா."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. அதற்குள் முதல் ஓடிபி காலாவதியாகிவிட்டது. நான் மறுபடி அனுப்பும் பட்டனை அழுத்தினேன். அவர் போனில் மெசேஜ் வந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

"வந்துருச்சுங்களா அண்ணா? சொல்லுங்க, நான் அடிக்கறேன்" என்றேன்.

"உங்ககிட்டச் சொல்லமாட்டனுங்க. செந்திலுகிட்டயும் சொல்லமாட்டேன். ஸ்பீக்கரை நிறுத்துங்க. எம்புள்ள காதுல சொல்றேன். அவளே அடிக்கட்டும். வேற ஆரும் அதுல கை வெக்க வேண்டாம்."

என் நாற்காலியில் அதுவரை எந்தக் கஸ்டமரும் உட்கார்ந்ததில்லை. விடமாட்டேன். எதையாவது தட்டி எதையாவது அழித்துவிடுவார்கள் என்ற பயம்தான். அன்றைக்கு எழுந்தேன். தாரணி உட்கார்ந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு அடித்தாள். நானும் செந்திலும் வாசலில் போய் நின்றுகொண்டோம். அவர் எனக்கு ஒரு டீ சொன்னார். சந்தேகப்படாமல் குடித்தேன்.

5. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

சீட் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஓசூரில் படிக்கிறாள். கிடைக்காமல் போயிருந்தாலும் இதை எழுதியிருப்பேன்.

என்னை மாதிரி சென்டர் வைத்திருக்கிற இளைய ஆட்களுக்குச் சொல்கிறேன். சந்தேகப்படுங்கள். கிரைண்டர் தருகிறவனையும், பாஸ்வேர்டு கேட்கிறவனையும், பிள்ளைக்கு முன்னால் வாயைத் திறக்கிற மாமனையும் நம்பாதீர்கள். இப்போது நான் கூட வந்தவர்களையெல்லாம் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "உனக்கு என்ன கண்ணு வேணும்?" என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை போல, திருதிருவென்று முழிப்பார்கள். வெளியே அப்பன்மார்கள், "உள்ள என்னதான் பேசறீங்க?" என்று கோபப்படுவார்கள். பட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம்தான் பாக்கி. இதற்கு முன்னால் இந்தக் கையால் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சாய்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் எத்தனை பேர் இன்று எங்கேயோ உட்கார்ந்து, தாங்கள் கேட்காத படிப்பைப் படித்துவிட்டு, தாங்கள் கேட்காத வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.