மாமனாரின் குரல் இருந்த பிரதி

கலங்கிய பின்னும் கைவிடாமை என்றொரு நற்குணம் உண்டு. அந்த மாடிவீட்டு மூத்த மருமகளிடம் அது குறைவறக் குடியிருந்தது. கலக்கமும் கூடவே குடியிருந்தது.

தொண்டை அறுவைக்குப் பின் மாமனாருக்குப் பேச்சில்லை. படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும் செயலி ஒன்றை முன்பின் அறியாதோர் எழுதிப் பொதுவில் வைத்திருந்தனர். அவள் அதற்கொரு பிரதி எடுத்து, அறுவைக்கு முன் பதிந்துவைத்த அவருடைய சொந்தக் குரலை அதில் சேர்த்திருந்தாள். மூலச் செயலியை அவர்கள் திருத்தும்போதெல்லாம் பிரதியையும் அதனோடு இணைத்துவிடுவாள்; இல்லையேல் புதிய டேப்லட்டில் செயலி திறக்காது.

அன்று இணைக்கையில், நீக்கிவிடலாமா என்று திரை கேட்டது. பழைய பிழைகளைத்தான் கேட்கிறதென்று எண்ணிச் சம்மதித்தாள். லேப்டாப்பிலும் டேப்லட்டிலும் புதியதை ஏற்றினாள்.

சற்றைக்கெல்லாம் சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "யாரும்மா வந்திருக்கா? டீ கேக்குறாரே."

"யாரும் வரல அத்தை. மாமாதான்."

"உங்க மாமா குரல் எனக்குத் தெரியாதா?"

மாமனார் மீண்டும் தொட்டார். செயலியோடு வந்த அதே அயலான் குரல். டேப்லட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நீக்கியது தன் மாற்றங்களை. அவற்றோடு போனது அவர் குரல்; அவளிடம் வேறு பதிவும் இல்லை. அடுத்த அறைக்கு, கொழுந்தனிடம் ஓடினாள்.

"தம்பி, உங்க லேப்டாப்புல ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேனே. அப்டேட் பண்ணுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, பண்ணிட்டீங்களா?"

"திட்டாதீங்க அண்ணி. இதோ, இப்பவே பண்ணிடறேன்."

"தொடாதீங்க. அப்படியே இங்க கொடுங்க."

"பண்ணலன்னாலும் திட்டு, பண்றேன்னாலும் திட்டா?"

குரல் அதில் இருந்தது. அதை மூலத்தோடு சேர்க்கப் புகுந்தால், ஒரே இடத்தில் இருவேறு வரிகள் மோதி நின்றன. எது தான் எழுதியது, எது பிறர் எழுதியது என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒருவாறு சேர்த்துக் கொடுத்தாள். மாமனார் விளக்குப் படத்தைத் தொட, "தலைவலி" என்றது அவர் குரல். அவர் விளக்கையே பார்த்தார்.

"தலைவலி விளக்குக்கா, உங்களுக்கா?" என்றார் மாமியார்.

அவள் மீண்டும் பிரித்தாள், மாற்றினாள், சேர்த்தாள். எந்த வரியால் சரியாயிற்றென்பது இன்றளவும் அவளுக்கு விளங்கவில்லை.

"அம்மாடி, டீ" என்றது டேப்லட்.

வந்தது யாரென்று இம்முறை மாமியார் கேட்கவில்லை. "சர்க்கரை கிடையாது, சொல்லிட்டேன்" என்று உள்ளிருந்தே மறுமொழி வந்தது.

அழைக்கும் குரலும் அதற்கு மல்லுக்கு நிற்கும் குரலும் அந்த மனையில் என்றும் நீங்காதிருக்க. அவற்றைக் காத்தவளையும் அவள் குடியையும் திருவருள் காக்க.