துளையருகே ஒரு கிளை

உறைந்த வாய்க்காலில் தண்ணீருக்குத் துளை வெட்டினால், பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு வில்லோ மரக் கிளையை நட்டுவைக்க வேண்டும். சறுக்கி வருகிறவர்கள் பார்த்து விலகுவார்கள். ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரிந்த சங்கதி. லீஸ்பெத்தின் புருஷன் ஈவெர்ட் அதை நட மறந்ததால்தான் ஆலைக்கார யுடித்தின் ஒரே மகன் யோஸ்ட் துளையில் விழுந்து செத்தான் என்று ஆறு வருஷமாக ஊர் பேசியது.

"நட்டேன்டி, என் கையால நட்டேன்" என்று ஈவெர்ட் தலையில் அடித்துக்கொண்டான். ஊர் நம்பவில்லை, அது கிடக்கட்டும். கட்டினவளே நம்பவில்லை. "நட்டா எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த குளிரில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தான். பெட்டி தூக்க நாலு பேர் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இந்தக் குளிருக்கு ஓவியர் பாவுல்ஸ் மறுபடி வந்தார். யோஸ்ட் செத்த அன்றைக்கு, சேதி பரவுமுன் மத்தியானமே ஊரை விட்டுக் கிளம்பியவர். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"எங்க ஊர்க் குளிரைப் படமா வரைஞ்சு தூக்கிட்டுப் போய் விக்கிறீங்களே ஐயா, பதிலுக்குக் கொஞ்சம் வெயில் கொண்டாந்தா என்ன?" என்றபடி லீஸ்பெத் பட்டாணிக் கஞ்சியை வைத்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே பழைய தாள் ஒன்றை நீட்டினார். "உங்க வீட்டுக்காரர்தானே, அக்கா? போன தடவை நான் கிளம்பின அன்னைக்குக் காலையில வரைஞ்சது."

கையில் கோடரி, காலடியில் துளை. பக்கத்தில் நிமிர்ந்து நின்றது வில்லோக் கிளை.

லீஸ்பெத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவன் சொன்னது சத்தியம். பாவி, நான்தானே நம்பவில்லை!

"இதை எனக்குக் கொடுங்கய்யா. வீடு வீடாப் போய்க் காட்டணும். முதல்ல யுடித் வீட்டுக்கு."

"தாராளமா. பின்பக்கமும் பாருங்க, அதே இடம்தான். ஒரு மணி நேரம் கழிச்சு வரைஞ்சேன்."

திருப்பினாள். துளையருகே கிளை இல்லை. பந்தடிக்கும் பிள்ளைகளில் ஒருவன் அதைப் பிடுங்கி மட்டையாக ஓங்கியிருந்தான். சிவப்புச் சுண்ணக்கட்டியால் தீட்டிய தொப்பி, உள்ளே வளைந்த இடது கால். அந்தக் கால் ஊரில் யோஸ்ட் ஒருவனுக்குத்தான்.

"என்ன துள்ளு துள்ளுறான்! யார் வீட்டுப் பையன்?" என்றார் பாவுல்ஸ்.

ஜன்னலுக்கு வெளியே யுடித் வாளியோடு போனாள். வழக்கம்போல் இந்த வீட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், வெறுப்பதற்காவது அவளுக்கு ஈவெர்ட்டின் பேர் இருக்கிறது. இதைக் காட்டினால் அதுவும் போய்விடும்.

ஈவெர்ட்டுக்கு வேறு படம் கிடையாது. லீஸ்பெத் அவன் முகத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு தாளை அடுப்பில் போட்டாள்.

"ஐயோ! என்னக்கா பண்றீங்க?"

"நட்டீங்க" என்றாள் நெருப்பில் சுருளும் ஈவெர்ட்டைப் பார்த்து. "நீங்க நட்டீங்கதான்."