பூட்டிய கதவும் தேன் பருந்தும்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய் ஓடும், பிறகுதான் கால் ஓடும். கடைக்கு வருமான வரி நோட்டீஸ் வந்த அன்றுகூட, கொண்டுவந்தவரைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டுப் பின்கட்டில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே அண்ணாச்சி, உள்ளே ஆட்டுக்குட்டி. டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அது ஒன்றும் பெருமை இல்லை.

இப்படிப்பட்டவனைப் பறவை பார்க்க இழுத்தது என் அத்தான். என் ஒரே அக்காவின் கணவர். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு பைனாகுலரும் ஒரு பச்சைத் தொப்பியும் வாங்கினார். காரும் அதை ஓட்ட ஒரு ஆளும் மட்டும் பாக்கி. அந்தப் பாக்கிதான் நான்.

நாங்கள் போவது கங்கைகொண்டான் தொழிற்பேட்டையைத் தாண்டிச் செம்மண் பாதையில் வரும் ஒரு சின்னக் காப்புக்காடு. பெயர்தான் காடு. வேகமாக நடந்தால் இருபது நிமிடத்தில் அந்தப் பக்கம் வெளியே வந்து டீ குடிக்கலாம். உடைமரம், வேம்பு, வாகை, நடுவே ஓடைக்கரையில் நாலைந்து வயசான மருத மரங்கள். அங்கே மானும் மயிலும் உண்டு, கடிக்கிற மிருகம் ஒன்றும் கிடையாது என்று காவலாளி சத்தியம் செய்திருக்கிறார். எனக்கு அது போதாது. சருகு அசைந்தால் பாம்பு. சருகு அசையாவிட்டால் படுத்திருக்கிற பாம்பு. ஒருமுறை புதருக்குள் கறுப்பாக எதுவோ மூச்சு விட்டது. நான் கரடி என்று சொல்லி அத்தானின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அது எருமை. அத்தான் அதன் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, "மாப்ள, இதை லிஸ்ட்ல எழுதிக்கிடவா?" என்று கேட்டார்.

என் பயங்களுக்கெல்லாம் ஆதாரம் கிடையாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் டாக்டர் சீட்டு இருந்தது. அதுவும் அத்தானுக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டு மாடியில் ஒரே ஒரு குளவி கொட்டியது. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, தரையில் சரிந்துவிட்டார். அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம், தாமதிக்காமல் ஊசி போட ஓடி வரணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வாசலில் வந்து என்னிடம் ஒரே வசனத்தைச் சொல்வாள்.

"ஏலே, உன்னைய நம்பித்தான் இவியள அனுப்புதேன். பாத்துக்க."

"அக்கா, ஒரு ஈ அண்ட விடமாட்டேன்" என்பேன் நான். வாய்தானே.

தைப் பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு. ஆறுமணிக்குருவியைத் தேடிப் போயிருந்தோம். அது குளிர்காலத்தில் மட்டும் வருகிற பறவை, சருகுக்குள் தத்தித் தத்தி நடக்கும். அன்றைக்கு அது வரவில்லை. கிளம்பலாம் என்று திரும்பியபோது அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேலே பார்த்தேன். ஓடைக்கரை மருத மரத்தின் உச்சிக் கிளைக்கு அடியில் முறம் அளவுக்கு ஒரு தேன்கூடு தொங்கியது. மலைத்தேனீக் கூடு. அது அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும், எப்போதும் சுற்றிக்கொண்டுதான் போவோம். அன்றைக்கு அதற்குப் பக்கத்தில் புறாத் தலையும் நீளக் கழுத்துமாக ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது.

"தேன் பருந்து மாப்ள!" என்று அத்தான் மூச்சுக்குள் சொன்னார். "கூட்டைப் பிக்கப் போகுது. நாப்பது வருஷம் தவம் கிடந்தாலும் பாக்க முடியாது."

அவர் பறவை பார்க்க ஆரம்பித்தே மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்தப் பறவை வானத்தில் வட்டமிடுவதைப் பார்த்திருக்கிறோம், கூட்டைத் தின்பதைப் பார்த்ததில்லை. அந்த இடத்தில் அக்காவின் வசனம் எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அத்தான், இன்னும் ரெண்டு எட்டு முன்னால வாங்க. இங்கன நின்னா கிளை மறைக்குது."

அப்படிக் கூப்பிட்டவன் நான். இதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

பருந்து ஒருமுறை பறந்து வந்து கூட்டை உரசியது. கூட்டின் மேல் போர்வை மாதிரி மூடியிருந்த ஈக்கள் அலை அடித்தாற்போல நெளிந்தன. இரண்டாம் முறை காலால் பிய்த்தது. ஒரு துண்டு தேனடை கீழே விழுந்து சருகில் 'சொத்' என்று சத்தம் கேட்டது. பருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஈக்களுக்குக் கோபம் தீரவில்லை. மரத்தடியில் இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மிக்ஸியை ஓடவிட்டு அதற்குள் தலையை விட்டால் கேட்கும். என் காதில் ஒன்று கொட்டியது. அவ்வளவுதான், வாயை முந்திக்கொண்டு கால் ஓடியது. மாடிப்படியில் மூன்றாவது படிக்கே மூச்சு வாங்குகிறவன் முள்ளுக்குள் பாய்ந்து, ஒரு செருப்பைத் தொலைத்து, பாதையில் நின்ற காருக்குள் விழுந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடிகளை ஏற்றினேன். பிறகு, பூட்டும் பொத்தானை அழுத்தினேன். நாலு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன.

தேனீ கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறக்கும் என்று நினைத்தானா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரத்தில் நினைத்தேன்.

அப்போதுதான் அத்தான் வந்தார். தொப்பி இல்லை. துண்டால் தலையை அடித்துக்கொண்டே வந்தார். அவரைச் சுற்றிப் புகை மாதிரி அந்தக் கூட்டம். கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். என் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. திறந்தால் அவரோடு அந்தப் புகையும் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டேன். சத்தியமாகக் கணக்குப் போட்டேன். இரண்டாம் முறை பைனாகுலரால் தட்டினார். மூன்றாம் முறை மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புகிற மாதிரி இரண்டு விரலால் தட்டினார். அந்த மெதுவான தட்டுதான் என்னைத் திறக்க வைத்தது.

அவரோடு பத்துப் பதினைந்து ஈக்கள் வந்தன. இரண்டு என்னைக் கொட்டின. ஒன்றும் ஆகிவிடவில்லை. இதற்குத்தானா அந்தக் கணக்கு?

வண்டியைக் கிளப்பினேன். சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர். முதல் கிலோமீட்டரிலேயே அவர் கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு இட்லி மாதிரி ஆனது. நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். "அத்தான், அழகாத்தான் இருக்கிய. அக்காவுக்கு அடையாளம் தெரியாது, வேற யாரோன்னு வாசல்லயே நிப்பாட்டிருவா." அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

"தொண்டை அடைக்கு மாப்ள" என்றார். குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி மெலிந்திருந்தது. "பேசாம ஓட்டு."

வளைவில் ஆட்டு மந்தை. ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. ஆடுகள் பொறுமையாக யோசித்தன. நான் இறங்கி ஒற்றைச் செருப்போடு ஆடுகளைக் கும்பிட்டேன். மேய்த்துக்கொண்டு வந்த அம்மா காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு சத்தம் கொடுத்தாள், மந்தை பிளந்து வழி விட்டது. மறுபடி ஏறியபோது அத்தானின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. மூச்சில் விசில் சத்தம். அந்த விசில் நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மிச்ச தூரத்தை ஓட்டினேன். எந்தச் சாமியிடம் என்று கேட்டால் தெரியாது. ஞாபகம் வந்த எல்லோரிடமும்.

நர்சம்மா ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். ஊசி, ஆக்சிஜன், கையில் டிரிப். "நீங்க அவருக்கு யாரு?" என்றார். மச்சினன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பெஞ்சில் படுக்கச் சொன்னார். அத்தான் உடம்பிலிருந்து பத்தொன்பது கொடுக்கு எடுத்தார்கள். என்னிடமிருந்து மூன்று. முக்கால் மணி நேரம் கழித்து விசில் அடங்கி அவர் கண்ணைத் திறந்தார்.

"பருந்து எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன்.

அன்றைக்கு விஷயம் தெரிந்து ஓடி வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்லே" என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தொடங்கியது என் தண்டனை. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் அந்தக் கதையைச் சொல்வார். பருந்து, கூடு, ஓட்டம். "கார்கிட்ட வந்தேனா..." என்று சொல்லி நிறுத்துவார். என்னைப் பார்ப்பார். "இன்னும் ஒரு வாய் காப்பி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுப்பார். காப்பி வருவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிடும். பிறகு, "மாப்ள திறந்துவிட்டான்" என்று முடித்துவிடுவார். தேனீ ஒரு தடவைதான் கொட்டும். இவர் வாராவாரம் கொட்டினார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, விருந்தாளி யாரும் இல்லை. அத்தான் சும்மா எனக்காகவே, "கார்கிட்ட வந்தேனா..." என்றார். என்னால் முடியவில்லை.

"அக்கா, நான் கதவைப் பூட்டிக்கிட்டேன். இவிய வெளிய நின்னாவ."

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"தெரியும். இவிய ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாவ." பிறகு, "எவ்வளவு நேரம்லே?"

"உடனே திறந்துட்டான்" என்றார் அத்தான் அவசரமாக. இத்தனை மாதம் இழுத்த கதையை அவரே அவ்வளவு வேகமாகச் சுருட்டினார்.

"இல்லக்கா. மூணு தடவ தட்டினாவ. மூணாவதுலதான் திறந்தேன்."

அக்கா நறுக்கிய அவரைக்காயைத் தட்டில் ஒதுக்கினாள். நான் ஒரு ஜோக் தேடினேன். அகப்படவில்லை.

"அடுத்த வாரத்துலேருந்து நானும் வாரேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் காட்டுக்குள்ள போங்க. நான் கார்ல இருக்கேன். சாவி எங்கிட்ட இருக்கும்."

சொன்னபடியே வருகிறாள். முன் சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, வாரப் பத்திரிகை படிக்கிறாள். நாங்கள் மருத மரத்துக்கு ரொம்பத் தள்ளியே நிற்கிறோம். நான் பறவையைப் பாதி நேரமும், காருக்கு எத்தனை எட்டு என்பதைப் பாதி நேரமும் பார்க்கிறேன். அத்தான் ஓடினால் அவள் திறப்பாள். நான் ஓடினால் எத்தனையாவது தட்டில் திறப்பாள் என்று இதுவரை கேட்கத் துணியவில்லை.