ஊத்துப்பாறையின் முதல் மனுதாரர்

குரங்கணிக்கு மேலே இரண்டு மணி நேரம் ஏறினால் ஊத்துப்பாறை வரும். முப்பத்தாறு வீடுகள். ஜீப்பு ஏறிவரும் அளவுக்கு ஒரு பாதை வேண்டுமென்று ஐகோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று ஊர் கூடிப் பேசியபோது, யார் பெயரில் போடுவது என்பதில் ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விறகு எடுத்தது, ஆடு மேய்த்தது என்று ஆளுக்கொரு வனத்துறைக் கேஸ் ஏற்கெனவே இருந்தது. பேச்சியின் பேரில் எதுவும் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்; மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள்.

"எம்பேரைப் போடுங்க, சோலி முடியட்டும்" என்றாள் பேச்சி.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. இப்போது ஐம்பத்திரண்டு. சோலி முடியவில்லை.

வழக்கை எடுத்தவர் இனியவன். போடியில் பிறந்து மதுரையில் தொழில் செய்கிற வக்கீல். கேஸ் எழுதுவதற்கு முன் அவரே ஒருநாள் மலை ஏறி வந்தார். பாதி வழியில் கால் நடுங்கி உட்கார்ந்து, பேச்சி வீட்டுக்கு வந்து மூன்று டம்ளர் கட்டங்காப்பி குடித்தார். அன்றிலிருந்து அவருக்கு இவள் பேச்சியக்கா, இவளுக்கு அவர் வக்கீலய்யா.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேச்சி போவாள். இருட்டு விலகுமுன் இறங்கி, குரங்கணியில் ஜீப்பு பிடித்து, போடியில் பஸ்சு ஏறுவாள். வரவேண்டிய அவசியமில்லை என்று இனியவன் எத்தனையோ தடவை சொன்னார். யாராவது போனால்தான் அங்கே ஞாபகம் இருக்கும் என்பது அவள் எண்ணம். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டே, புரியாத இங்கிலீஷை மணிக்கணக்கில் கேட்பாள்.

நான்காம் வருடம் ஒரு வயதான நீதிபதி மூன்று நாள் முழுதாக விசாரித்தார். பிரசவ வலி வந்தவளை எப்படிக் கீழே கொண்டுவருகிறார்கள் என்று அவர் தமிழிலேயே கேட்டார். பேச்சிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தீர்ப்பைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். நான்கு மாதத்தில் ஓய்வு பெற்றார். தீர்ப்பு வரவில்லை.

"மறுபடியும் மொதல்லருந்து சொல்லணும்க்கா" என்றார் இனியவன்.

"அவருட்டச் சொன்னதெல்லாம்?"

"அவரோட போச்சு."

அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அவருடைய வழக்குகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேச்சி போகிற நாளெல்லாம் வழக்கு வரிசை நாற்பது, ஐம்பதோடு நின்றுவிடும். இவர்கள் எண் தொண்ணூற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். "இன்னைக்கு எட்டலக்கா" என்று இனியவன் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சின்ராசு செல்போனை ஆட்டிக்கொண்டே வந்தான். "பேச்சி, நம்ம வக்கீலை ஜட்ஜாக்கச் சொல்லி பேரு தில்லிக்குப் போயிருக்காம்! இனி பாதை வந்த மாதிரிதான்."

சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய் இனியவனுக்குப் போன் போட்டாள். அவர் குரலில் சந்தோசமும் தயக்கமும் கலந்திருந்தன.

"நான் அங்க ஒக்காந்தா உங்க கேஸை நான் தொடக்கூடாதுக்கா. உங்களுக்காக வாதாடுனவன்ல. வேற வக்கீலு பாத்துத் தர்றேன்."

"அவருக்கும் மொதல்லருந்து சொல்லணுமா?"

நல்லா இருங்கய்யா என்று சொல்லிவிட்டு பேச்சி போனை வைத்தாள்.

போடியில் இனியவன் படத்தோடு தட்டிகள் முளைத்தன. ஒரு கட்சிக்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்றார்கள். பாராட்டு விழா மேடையில் மலைசனம் சார்பில் பேச்சி பொன்னாடை போர்த்த வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். ஏலக்காய் எடுப்புக் காலம், வர முடியாது என்று சொல்லிவிட்டாள். எதிர்க் கட்சியில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்த விஜயகுமார் நேரிலேயே மலை ஏறி வந்தான். அவள் வாசலில் ஊரே கூடிவிட்டது.

"ஆத்தா, ஒரு எம்.எல்.ஏ அஞ்சு வருசத்துல போயிருவாரு" என்று நிதானமாகச் சொன்னான். "வக்கீலுக்கு வயசு நாப்பத்தெட்டு. அந்தச் சீட்டுல ஒக்காந்தா பதினாலு வருசம் அசைக்க முடியாது. பொட்டிபுரம் மலையைத் தோண்டக்கூடாதுன்னு கூட்டம் போட்டுப் பேசுனவரு. இவரு வேண்டாம்னு எங்காளுக மேல வரைக்கும் சொல்லிட்டிருக்காக. நீ ஒரு கையெழுத்துப் போட்டா அந்தப் பேச்சுக்கு வலு. பாதைக்கு நான் பொறுப்பு. ஒரு வருசத்துல ஜீப்பு வரும்."

தில்லிக்கு எழுதிய மனுவை நீட்டினான். சின்ராசு பேச்சியின் காதருகே குனிந்தான். "போட்ரு. அஞ்சு வருசம் பாத்தாச்சுல்ல?"

பேச்சிக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. அன்று காலையிலிருந்தே முழங்கால் வீங்கி விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஜீப்பு வந்தால் யார் சொல்லி வந்தால் என்ன என்று தோன்றியது. பேனாவை வாங்கிக்கொண்டாள். எங்கும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்பதால், விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததைப் பயன்படுத்தி, மேற்படி வழக்கறிஞர் என்னை ஏமாற்றி...'

விரல் அங்கேயே நின்றது.

"எனக்குத்தான் படிக்கத் தெரியுமே. இந்தா, இப்பப் படிச்சிட்டனே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விஜயகுமாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அது சும்மா வார்த்தை ஆத்தா."

"வார்த்தைக்குக் கீழதான எம்பேரு வருது" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப்பிறகு சின்ராசு இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. எடுப்புக்குப் போகும் பெண்கள் அவளைத் தனிச் செடிக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். வந்த பாதையைக் கெடுத்தவள் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவளுக்கே சில நாள் அப்படித்தான் இருந்தது.

ஏழு மாதம் கழித்து இனியவன் பெயர் தில்லியிலிருந்து திரும்பிவிட்டது. என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அவரே போனில் சொன்னார். கேட்டதும் பேச்சிக்கு நிம்மதியாக இருந்தது. வக்கீல் நம்மிடமே இருக்கிறார். அடுத்த நிமிடமே அப்படி நினைத்ததற்காக உடம்பு கூசியது. அடுத்த வாய்தாவுக்கு மதுரை போனபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பேரு திரும்பிருச்சுன்னதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சுய்யா. பாவி நானு."

இனியவன் கண்ணாடியைக் கழற்றி கழுத்து வெள்ளைப் பட்டையில் வெகுநேரம் துடைத்தார். கண்ணோரம் கருத்து, ஒரு வருடத்தில் ஐந்து வயது கூடியவர்போல் தெரிந்தார்.

"சாப்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டு, கேண்டீனுக்கு அழைத்துப்போனார். இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

அந்த நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். போடியில் யாருக்கும் அவரைத் தெரியாது; இரண்டு கட்சிக்காரர்களும் தங்களால்தான் வந்தார் என்றார்கள். அவர் முன்னால் ஊத்துப்பாறை வழக்கு ஒருநாள் சாயங்காலம் எட்டியது. பதினோரு நிமிடம் கேட்டார். வனம், வருவாய், நெடுஞ்சாலை அதிகாரிகள் மூவரும் நேரில் நடந்து பார்த்து மூன்று மாதத்தில் அறிக்கை தர வேண்டும் என்றார். அது தீர்ப்பில்லை. ஆனால் ஆறு வருடத்தில் கைக்கு வந்த முதல் காகிதம்.

அதிகாரிகள் வந்தார்கள். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் விஜயகுமார் போட்டோக்காரனோடு வந்தான். சின்ராசு அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். பேச்சி ஓரமாக நின்று, பாறை சரிந்த இடத்தையும் மழையில் ஓடை மறிக்கிற இடத்தையும் காட்டினாள்.

"எப்பய்யா ஜீப்பு வரும்?" என்று இஞ்சினியரிடம் கேட்டாள்.

"மொதல்ல ரிப்போர்ட்டு போகணும்மா" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அவர்கள் இறங்கிப்போனபின் சின்ராசு அவள் வீட்டுப் பக்கம் வந்து, உள்ளே வராமல் நின்றான். ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறான். பேச்சி காப்பி கொடுத்தாள்.

"அடுத்த வாய்தா பதினெட்டாந்தேதி" என்றாள். "நீ போயிட்டு வந்திர்றியா? எனக்கு மொழங்காலு ஆகல."

"நான் போயி என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். பின்னாடி நில்லு."

சின்ராசு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சரி என்றான்.