ஓரடுக்குக் காரீயம்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த ஜெசிந்தினி, பௌதிகவியல் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1995ஆம் ஆண்டு. அப்பா அற்புதராஜுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தடியில் வேலை. மகள் படிப்பது என்னவென்று யாராவது கேட்டால், "கரண்டு சம்பந்தமா ஏதோ" என்பார். அவர் சொன்னது தவறில்லை. பட்டம் பெற்றுப் பண்டாரவளைப் பள்ளியில் சில ஆண்டுகள் கற்பித்தபின், காரீயத்தில் மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்பதைத்தான் ஜெசிந்தினி மேற்படிப்புக்கு எடுத்துக்கொண்டார்.

காரீயம் என்பது பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புப் பொருள்தான். கேகாலைப் பக்கத்துச் சுரங்கங்களில் கிடைக்கும் காரீயத்தின் சுத்தத்துக்கு உலகில் நல்ல பெயர். காபன் அணுக்கள் தாள் தாளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவானது அது. அதிலிருந்து ஒரே ஒரு தாளை மட்டும் இங்கிலாந்தில் பிரித்தெடுத்துவிட்டார்கள் என்ற செய்தி 2004இல் வந்தது. ஒரு அணு கனம்தான். அதற்குக் கிராபீன் என்று பெயர். எடுத்த விதம்தான் ஜெசிந்தினியைத் தூக்கிவாரிப்போட்டது. சாதாரண செலோடேப்பைக் காரீயக் கல்லில் ஒட்டி, மடித்து மடித்துப் பிரித்திருந்தார்கள்.

"கல்லு நம்ம நாட்டுது. டேப்பு கடையில இருக்கு. நாம ஏன் செய்யக் கூடாது?" என்று அவர் ஸல்மாவிடம் கேட்டார்.

ஸல்மா பதுளைக்காரி, இரசாயனவியல் படித்தவர். பதுளையில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே சமயத்தில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்திருந்தனர். ஆய்வுகூடம் என்று அவர்களுக்குக் கிடைத்தது ஒரு அறை, அதில் ஒரு நல்ல நுணுக்குக்காட்டி.

டேப்பில் பிரித்த துணுக்குகளைச் சிலிக்கன் தகட்டில் ஒற்றி நுணுக்குக்காட்டியில் தேட வேண்டும். தகட்டின் மேலுள்ள ஒட்சைட்டுப் பூச்சு சரியான கனத்தில் இருந்தால்தான் ஓரடுக்கு மெல்லிய நிழலாகக் கண்ணில் படும். கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் அது அங்கேயே இருக்கும், ஆனால் தெரியாது. அவர்கள் முதலில் வாங்கிய தகடுகளின் கனம் பிசகாக இருந்தது. அது தெரியாமல் ஒரு வருடம் முழுக்க ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் டேப்பின் பசை தகட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவப் போனால் துணுக்கும் போய்விடும்.

சரியான தகடுகள் வந்தபின், 2007 தொடக்கத்தில், ஜெசிந்தினியின் கண்ணில் ஒரு நிழல் பட்டது. ஓரடுக்குத்தான் என்று இருவருக்கும் தோன்றியது. ஆனால் அதை உறுதியாகச் சொல்லக்கூடிய லேசர் கருவி அவர்களிடம் இல்லை. பெங்களூரில் ஒரு ஆய்வுகூடம் பார்த்துத் தருவதாகச் சொன்னது.

தகட்டையும் அது வந்த காரீயக் கல்லையும் பொதியாக அனுப்ப ஜெசிந்தினி கொழும்புக்குப் பஸ் ஏறினார். யுத்த காலம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை, பைக்குள் கறுப்புக் கல், கொஞ்சம் தூள். இது என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டார். விளக்கத் தொடங்கினால் பஸ் போய்விடும். ஜெசிந்தினி பஸ் டிக்கட்டைத் திருப்பி, அந்தக் கல்லாலேயே தன் பெயரைச் சிங்களத்தில் எழுதிக் காட்டினார். சிப்பாயும் கல்லை வாங்கிக் கீழே தன் பெயரை எழுதிப் பார்த்தார். பிறகு போகச் சொன்னார்.

பெங்களூரிலிருந்து பதில் வருவதற்கு முன்பே, ஓரடுக்கு கிடைத்துவிட்டதாகச் செய்தி பரவிவிட்டது. யாரோ சொல்லிப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. தோட்டத்தில் பாராட்டு விழா ஏற்பாடானது. விழா நாள் காலையில்தான் மின்னஞ்சல் வந்தது. துணுக்கு ஓரடுக்கு அல்ல, மூன்றடுக்கு.

துறைத் தலைவர் கனகசுந்தரம் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். அவர் யோசித்துச் சொன்னார்: "பத்திரிகைக்கு 'சில அடுக்குகள்' எண்டு எழுதினால் அதிலை பொய் இல்லைத்தானே?"

"பொய் இல்ல சேர். ஆனா படிக்கிறவங்க ஒண்ணுன்னுதான் நெனச்சுக்குவாங்க."

"அப்ப மூண்டு எண்டே எழுதும்" என்றார் அவர்.

"விழா முடியட்டும் ஜெசி, திங்கக்கிழமை சொல்லலாம்" என்றார் ஸல்மா.

"மாலையப் போட்டுக்கிட்டு எப்படிங்க சும்மா நிக்கிறது?"

தோட்டத்து மண்டபம் நிறைந்திருந்தது. மாலை போட்டு முடித்ததும் ஜெசிந்தினி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். "நாங்க ஒரு அடுக்கு எடுத்துட்டோம்னு பேப்பர்ல வந்துச்சு. அது சரியில்லங்க. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சிச்சு. அது மூணு அடுக்கு. ஒண்ணு இன்னும் எங்களுக்குக் கெடைக்கல."

முன்வரிசையில் இருந்த இராக்கம்மா, ஜெசிந்தினியின் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர், கேட்டார்: "ஒண்ணுக்கு மூணு கெடைச்சா நல்லதுதானே?"

சிலர் சிரித்தார்கள். ஜெசிந்தினிக்கும் சிரிப்பு வந்தது. "ஒண்ணா இருக்கும்போது அது வேற சாமான் மாதிரி ஆயிருதுங்க. கரண்டு ஓடுறதே வேற விதம். அதான் ஒண்ணு வேணும்" என்று சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றப் போனார்.

"கழட்டாத புள்ள" என்றார் இராக்கம்மா. "மாலை ஒனக்குக் கட்டுனது. கல்லுக்குக் கட்டல."

அற்புதராஜ் கடைசி வரிசையில் நின்றிருந்தார். லயத்துக்கு நடந்து போகும்போது மகளிடம் ஒன்று மட்டும் கேட்டார்: "திரும்பச் செய்வியா?" செய்வேன் என்றார் ஜெசிந்தினி. பத்திரிகைக்கும் எழுதினார். திருத்தம் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது.

அதன்பின் ஒன்றரை வருடத்துக்குமேல் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஒட்டினார்கள், பிரித்தார்கள், பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் இரண்டு, நான்கு, பத்து அடுக்குகள். நிழலைப் பச்சை ஒளியில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று ஸல்மா எங்கோ படித்தார். பதுளை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த புவாத்திடம், கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் கமராவுக்கு மாட்டிய பச்சைக் கண்ணாடி ஒன்று சும்மா கிடந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்க, இப்ப எல்லாம் கலர்தானே" என்று கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே அற்புதராஜுக்குப் பக்கவாதம் வந்தது. ஜெசிந்தினி பதுளை ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே இருந்தார். ஆய்வுகூடத்தில் ஸல்மா தனியாகப் பச்சைக் கண்ணாடியைப் பொருத்திப் பழைய தகடுகளை மறுபடி பார்த்தார். ஜெசிந்தினி எப்போதோ செய்து, ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய ஒரு தகட்டின் ஓரத்தில் அது இருந்தது. ஸல்மா ஆஸ்பத்திரிக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஜெசிந்தினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெங்களூருக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதீங்க" என்றார்.

இம்முறை பதில் ஓரடுக்கு என்றே வந்தது.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதில்தான் இருவருக்கும் சண்டை. "தகடு ஒங்களோடது" என்றார் ஸல்மா. "ஒதுக்கி வச்சவளும் நான்தானே. கண்டுபிடிச்சது நீங்க" என்றார் ஜெசிந்தினி. ஸல்மாவின் பெயரே முதலில் வந்தது. உலகத்தில் அது முதல் கிராபீன் அல்ல. நான்கு வருடம் பிந்தியது. ஆனால் ஒரு அறையையும் ஒரு நுணுக்குக்காட்டியையும் வைத்துக்கொண்டு செய்தது. பெங்களூர்க்காரர்கள் இருவரையும் தங்கள் ஆய்வுகூடத்துக்கு அழைத்தார்கள். தாங்கள் மூன்று என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர்களோடு வேலை செய்ய விருப்பம் என்று அழைப்பில் ஒரு வரி இருந்தது.

போய்வந்தபின், 2010இல் ஒரு நாள், அற்புதராஜ் தடியை ஊன்றிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார். மகள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து நுணுக்குக்காட்டியைச் சரிசெய்து கொடுத்தார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் அவர்.

"எங்களுக்கும் மொத வருசம் அப்படித்தாம்பா. அவசரம் இல்ல, பாருங்க."

ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி அவர் மறுபடி குனிந்தார். ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.