சரோஜா டீச்சர் விடுப்பு எடுத்த நாட்கள்

உளவியல் ஆசிரியை சரோஜா அவர்கள் திருக்கோவிலூரில் காலமாகிவிட்டார் என்று பழைய மாணவர் ஒருவர் கைபேசியில் சொன்னார். "நேத்து ஒரு கல்யாண வூட்ல சாப்ட்டு வந்தாங்களாம் சார். காலைல நெஞ்சு வலி. அந்தச் சாப்பாட்டாலதான்னு பேசிக்கிறாங்க." அந்த 'ஆலதான்' என்ற சொல்லை டீச்சர் அவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டார்.

நானும் டீச்சரும் கள்ளக்குறிச்சியில் ஒரே மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் வரலாறு. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவதை ஆராயும் ஒட்டுறவு ஆய்வுப் பாடத்தை அவர் பதினோராம் வகுப்புக்கு நடத்துவது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும்.

"டியூஷன் போற பசங்க ஜாஸ்தி மார்க்கு வாங்கறாங்க. டியூஷனாலயா? நல்லா படிக்கறவங்கதான் டியூஷனுக்குப் போறாங்களா? இல்ல, வூட்ல வசதி இருக்கறதால ரெண்டுமே நடக்குதா? ரெண்டும் சேர்ந்து வருதுன்னு மட்டும்தான் தெரியும். எதனாலன்னு தெரியாது. சந்தேகப்படுங்க."

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போடுவார்கள், பேருந்துகள் நின்றுவிடும். ஆசிரியர் அறையில் யார் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வாய் திறந்தோம்.

தலைமையாசிரியர் ஒன்றைக் கவனித்துவிட்டார். தினமும் திருக்கோவிலூரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் டீச்சர், மதியமே விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் மறுநாள் மறியல். பல முறை அப்படியே நடந்தது. அவரை அழைத்தார். நானும் அங்கிருந்தேன்.

"உங்களுக்கு மட்டும் எப்படிம்மா முன்னாடியே தெரியுது? அந்த ஆளுங்களோட சேர்ந்துகினு இருக்கீங்களா? போலீசு கேட்டா நான் சொல்லித்தான் ஆவணும்."

அந்த ஒரு வார்த்தை போதும், வேலை போய்விடும்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "நான் லீவு போடறதால மரம் விழுதுங்களா சார்? மறியல்னு பேச்சு வந்ததும் கண்டக்டரு பஸ்ல எல்லாருகிட்டயும் சொல்லிடறாரு. கைக்கொழந்தை ஊர்ல இருக்குது. பஸ் நிக்கறதுக்குள்ள போய்ச் சேர்றேன்."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க."

"சரிங்க. அடுத்த தடவை நான் போவல. மரம் விழாம இருக்குதான்னு பாருங்க."

அடுத்த முறை மறியல் பேச்சு கிளம்பியபோது டீச்சர் ஊருக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் என் மனைவியோடு தங்கினார். மறுநாள் விடிந்தபோது திருக்கோவிலூர் சாலையில் மரங்கள் கிடந்தன. பால் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார் டீச்சர். வழி திறக்கும்வரை குழந்தையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

தலைமையாசிரியர் போலீசுக்குப் போகவில்லை. நம்பவும் இல்லை. "இங்க இருந்துகினே சொல்லி அனுப்பியிருக்கலாம்" என்றார் என்னிடம். டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்துக்கொண்டேதான் அதை அவரிடம் சொன்னேன்.

"கேக்கறது நியாயந்தான் சார். ஒரு தடவையை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. அதே மாதிரி அவரு தன் முடிவு மேலயும் சந்தேகப்பட்டிருக்கலாம்" என்றார்.

அடுத்த ஆண்டு அவரைக் கரியாலூர்ப் பக்கம் மலைப்பள்ளி ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே உளவியல் பாடமே கிடையாது. இதனால்தான் மாற்றினார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். ஆதாரம் இல்லை.

அஞ்சலி செலுத்தப் போனபோது, மலையிலிருந்து வந்திருந்த பெண்கள் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவரிடம் படித்தவர்களாம். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"கூட வேலை பார்த்தவன்மா. கள்ளக்குறிச்சியில."

"டீச்சரைச் சந்தேகப்பட்டாங்களே, அந்த ஸ்கூலா?"

தலையசைத்தேன். அவர் பார்வையை விலக்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் எழுந்து வழிவிட்டார். மாலையைக் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

சந்தேகப்பட நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், டீச்சர். போய் வாருங்கள்.